பச்ச லைட்டு எரிஞ்சுட்டேதான் இருந்துச்சு

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் வீடியோ ஒண்ணு அனுப்பிச்சான். க்ரூஸ் கப்பல்ல நீளமா ஒரு காரிடார், கார்ப்பெட்டுக்கு மேல கணுக்கால் அளவு தண்ணி, கப்பல் சாயுற பக்கமெல்லாம் சலக் சலக்னு போய்ட்டு வருது, ஒரு அம்மா செருப்ப கைல புடிச்சுக்கிட்டு செவுத்த தடவிட்டே நடக்குறாங்க. கீழ அவன் கேள்வி. "மச்சான் அடுத்த மாசம் நாங்க குடும்பத்தோட இப்படி ஒண்ணுல ஏறப்போறோம்டா, நடுக்கடல்ல கப்பல் கதவு பிச்சுக்கிச்சுன்னா என்ன ஆகும், முங்கிடுமா?"

அந்த வீடியோல இருக்கறது கடல் தண்ணியே இல்ல. நல்லா பாத்தா சீலிங்ல இருந்து ஊத்துறது தெரியும். ஸ்பிரிங்க்ளர் லைனோ குடிதண்ணி பைப்போ விட்டிருக்கும், கப்பல்ல வேலை பாத்தவனுக்கு அது தலைவலி, அவ்ளோதான், ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க வேக்யூம் தூக்கிட்டு ஓடிவருவாங்க, மறுநாள் காரிடார் பூரா ஃபேன் போட்டு காய வச்சிட்டிருப்பாங்க. இத அவனுக்கு ரெண்டு வரில போட்டுட்டேன். கதவு பத்தி கேட்டதுக்குத்தான் ரெண்டு வரில பதில் வரல. டைப் பண்றதும் அழிக்கிறதுமா இருந்து கடைசில இங்க வந்து உக்காந்துட்டேன்.

நான் எட்டு வருஷம் க்ரூஸ் கப்பல்கள்ல ஃபிட்டர். என்ஜின் டிபார்ட்மென்ட். அதுல ஒரு பெரிய பங்கு கதவுங்களோடயே போச்சு, ஹைட்ராலிக் ஆயில் லீக்கு, ரப்பர் மாத்துறது, கிரீஸ் அடிக்கிறது, சுவிட்ச் அட்ஜஸ்ட் பண்றது. கப்பல் கதவுன்னு பொதுவா சொல்றோம், ஆனா ரெண்டு வகை, ரெண்டையும் போட்டு கொழப்பிக்கக்கூடாது. கப்பலோட வெளி உடம்புலயே, அதாவது ஹல்லுலயே வெட்டி வச்ச கதவு ஷெல் டோர். துறைமுகத்துக்கு வழிகாட்ட வர்ற பைலட் ஏறுறதுக்கு ஒண்ணு, எண்ணெய் ஏத்துறதுக்கு ஒண்ணு, சாமான் ஏத்துறதுக்கு பெருசா ரெண்டு மூணு, சின்ன போட்டுல பாசஞ்சர கரைக்கு கொண்டுபோக பிளாட்ஃபார்மா மடிஞ்சு இறங்குற கதவுங்க. இதெல்லாம் தண்ணி மட்டத்துக்கு பக்கத்துலயேதான் இருக்கும், இருந்தாத்தான் வேலைக்கு ஆகும். இன்னொண்ணு கப்பலுக்கு உள்ள, ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவுல இருக்கற இரும்பு செவுத்துல, பல்க்ஹெட்னு சொல்வோம், அதுல பக்கவாட்டுல நகர்ற வாட்டர்டைட் டோர். மொதல் வகை போச்சுன்னா தண்ணி உள்ள வரும். ரெண்டாவது வகை ஒழுங்கா மூடியிருந்தா வந்த தண்ணி வந்த எடத்துலயே நிக்கும்.

கதைக்கு வரேன். கப்பல் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். சாயங்காலம் துறைமுகத்துல இருந்து கெளம்பி பதினெட்டு நாட் (knot, மணிக்கு சுமார் முப்பத்திமூணு கிலோமீட்டர்) வேகத்துல போய்ட்டிருக்கோம், காத்து ஏறிட்டே வருது, அலை வலது பக்கமா முன்னாடி இருந்து வந்து மோதுது. ராத்திரி ரெண்டரை இருக்கும். எனக்கு அன்னிக்கு டூட்டி கூட இல்ல, கேபின் போன் அடிச்சுது, தேர்ட் என்ஜினியர். "அந்த ஃபார்வர்ட் பில்ஜ் வெல் மறுபடி ரொம்பிருச்சு, நாலாவது தடவ, நீ கொஞ்சம் வா"ன்னார். பில்ஜ் வெல்னா தரைல ஒழுகுற தண்ணியெல்லாம் போய் சேர்ற குழி. அது ரொம்புனா அலாரம் அடிக்கும், பம்ப் போட்டு எடுத்துருவாங்க. ஏசி தண்ணி, பம்ப் சீல்ல சொட்டுற தண்ணி எல்லாம் அங்கதான் போகும், அதனால அலாரம் வந்தா யாரும் பதறமாட்டாங்க. ஆனா அந்த மனுஷன் லாக் புக்க பாத்திருக்கார். மொதல் தடவைக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம், அப்புறம் ஒரு மணி நேரம், அப்புறம் இருவது நிமிஷம். அந்த இடைவெளி கொறையுறத கவனிச்ச ஒரே ஆள் அவர்தான். மத்தவங்களா இருந்தா பம்ப்ப போட்டுட்டு காபி குடிக்க போயிருப்பாங்க, நானும் போயிருப்பேன்.

2010 ஜூலை 1க்கு அப்புறம் கட்டின பாசஞ்சர் கப்பல்கள்ல கீழ்மட்டத்து வாட்டர்டைட் அறைகளுக்கு தண்ணி புகுந்தா தனியா சொல்ற டிடெக்டர் சிஸ்டம் வேணும்னு சட்டம் இருக்கு. எங்களோடது அதுக்கு முன்னாடி கட்டின கப்பல். எங்களுக்கு பில்ஜ் வெல்லுதான் மூக்கு, காது எல்லாம்.

அந்த குழிக்கு எங்கெங்க இருந்து தண்ணி வடியுற ட்ரெயின் பைப் வருதுன்னு டிராயிங்ல தேடினா, அதுல ஒண்ணு வலது பக்க பைலட் டோர் ரூம்ல இருந்து வருது. பிரிட்ஜுக்கு, அதாவது மேல கப்பல ஓட்டற ரூமுக்கு, போன் போட்டு கேட்டோம். செகண்ட் ஆஃபீசர் பேனல பாத்துட்டு "எல்லா ஷெல் டோரும் பச்ச, மூடி லாக் ஆயிருக்கு"ன்னார். அவர் மேல தப்பே இல்ல, பேனல்ல பச்சதான் எரிஞ்சுது.

பைலட் டோர் ரூம்னா ஒரு சின்ன அறை, நாலு மீட்டருக்கு அஞ்சு மீட்டர். கடல் பக்கம் ஷெல் டோர், கப்பல் பக்கம் இன்னொரு இரும்புக் கதவு, அது கீல் வச்ச கதவு, சுத்தி கைப்பிடி மாதிரி டாக் இருக்கும், ஒவ்வொண்ணா திருப்பி இறுக்கணும். இந்த மாதிரி எடத்துல கதவ மடார்னு தொறக்கக்கூடாது. பிரிட்ஜ்கிட்ட சொல்லிட்டு, கீழ இருக்கற ஒரே ஒரு டாக்க மட்டும் கொஞ்சம் தளத்தி, காத்திருந்து பாக்கணும். தளத்தினேன். ரப்பர் ஓரத்துல ஒரு மெல்லிசு கோடு மாதிரி தண்ணி எட்டிப் பாத்துச்சு, கப்பல் அந்தப் பக்கம் சாஞ்சதும் நின்னுச்சு, திரும்ப இந்தப் பக்கம் சாஞ்சதும் வந்துச்சு. உயரமா இல்ல, கீழயேதான். விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். உப்பு.

உள்ள போனா கணுக்கால் அளவு தண்ணி, மூணு டன் இருக்கும். ட்ரெயின் ஓட்டைல யாரோ போட்ட துணி அடைச்சிருந்ததால முழுசா எறங்கல. டார்ச் அடிச்சு பாத்தா ஷெல் டோரோட முன்பக்க கீழ் மூலைல இருந்து ஒவ்வொரு அலைக்கும் விசிறி மாதிரி தண்ணி பீச்சுது. எனக்கு பயம் வந்தது அந்த தண்ணிய பாத்து இல்ல. கதவு மூச்சு விடற மாதிரி அசைஞ்சுது. அலை அடிச்சதும் உள்ள அமுங்கி, அலை விலகினதும் வெளிய ஒரு விரக்கடை போய், மறுபடி உள்ள. அந்த மூலைல இருந்த கிளீட், அதாவது கதவ கவ்விப் புடிக்கிற ஹைட்ராலிக் கொக்கி, அதோட பின் உடைஞ்சு கொக்கி தொங்கிட்டிருந்துச்சு. பக்கத்துல லிமிட் சுவிட்ச், அதோட தகரப் பிராக்கெட் வளைஞ்சு சுவிட்ச் அழுத்தினபடியே மாட்டிக்கிச்சு. சுவிட்ச் அழுத்தியிருந்தா பிரிட்ஜுல பச்ச. கொக்கி இருக்கா இல்லையான்னு அந்த லைட்டுக்கு எப்படி தெரியும், அதுக்கு தெரிஞ்சது சுவிட்ச் மட்டும்தான்.

இந்த லைட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு, அத சொல்லாம மேல போக முடியாது. 1987 மார்ச் 6, பெல்ஜியத்துல ஜீப்ரூகே துறைமுகத்துல இருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்ப்ரைஸ்னு ஒரு கார் ஃபெர்ரி கெளம்புது. முன்பக்க கதவு தொறந்தே இருந்துச்சு. அத மூட வேண்டிய அசிஸ்டன்ட் போசன் (போசன்னா டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) கேபின்ல தூங்கிட்டாரு, மூடினாங்களான்னு பாக்க வேண்டிய ஆஃபீசர் பிரிட்ஜுக்கு போயிட்டாரு. கேப்டனுக்கு பிரிட்ஜுல இருந்து கதவு தெரியாது. அங்க இருந்த வழக்கம் என்னன்னா, யாரும் வந்து ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் சரின்னு அர்த்தம். துறைமுகத்த தாண்டி நாலஞ்சு நிமிஷத்துல கப்பல் கவுந்துச்சு, 193 பேர் போயிட்டாங்க. கொடுமை என்னன்னா, கதவு மூடியிருக்கான்னு காட்ட பிரிட்ஜுல ஒரு லைட்டு வைங்கன்னு கேப்டன்கள் அதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுதி கேட்டிருக்காங்க. ஆபீஸ்ல ஒருத்தர் அத கிண்டல் பண்ணி, ஸ்டோர்கீப்பர் முழிச்சிருக்கானா தெளிவா இருக்கானான்னு காட்டவும் லைட்டு வேணுமாங்கற மாதிரி குறிப்பு எழுதினது விசாரணைல வெளிய வந்துச்சு. விபத்துக்கு அப்புறம் அதே கம்பெனியோட மத்த கப்பல்கள்ல சில நாள்லயே லைட்டு வந்துருச்சு.

சரி, லைட்டு வந்துருச்சு, பிரச்சன முடிஞ்சுதான்னா, 1994 செப்டம்பர் 28, பால்டிக் கடல், எஸ்டோனியாங்கற ஃபெர்ரி. அதுல லைட்டு இருந்துச்சு. முன்னாடி அம்பது டன்னுக்கு மேல எடையுள்ள விசர், ஹெல்மெட்டோட முன் கண்ணாடி மாதிரி மேல தூக்குற அமைப்பு, அலை அடிச்சு அடிச்சு பூட்டெல்லாம் உடைஞ்சு விசரே கழண்டு கடல்ல விழுந்துச்சு, விழும்போது உள்ள இருந்த, வண்டி ஏறுற பலகையான ராம்ப்பையும் இழுத்து தொறந்துச்சு. சுவிட்சுங்க வச்ச விதம் சரியில்லாததால, விசர் கழண்டு போனத பிரிட்ஜ் லைட்டு காட்டவே இல்ல. விசர் இருக்கற எடமும் பிரிட்ஜுல இருந்து கண்ணுக்கு தெரியாது. தண்ணி வர்றத பாத்தது என்ஜின் கண்ட்ரோல் ரூம்ல இருந்த தேர்ட் என்ஜினியர், கார் டெக் கேமரா மானிட்டர்ல, ராம்ப்போட ஓரத்துல இருந்து பீச்சிட்டு வர்றத. 989 பேர்ல 852 பேர் போயிட்டாங்க. எங்க தேர்டும் ஒரு தேர்டு, அவரும் பேனல நம்பாம வேற எதையோ பாத்துத்தான் கண்டுபுடிச்சார், அது எனக்கு அப்பப்ப ஞாபகம் வரும்.

விசர்ல இன்னொரு விஷயம். அது மேல தூக்குற கதவு, அலையும் கீழ இருந்து மேலதான் தூக்கும். அதாவது கடலும் கதவ தொறக்கற பக்கமே தள்ளுது. பக்கவாட்டு ஷெல் டோர்ல பெரும்பாலும் தண்ணி அழுத்தம் கதவ சட்டத்துமேல வச்சு அமுக்கும், அதனால கொஞ்சம் மூடவே உதவி பண்ணும். அலை விலகும்போது இழுக்கற இழுப்புக்குத்தான் கிளீட். அந்த கிளீட்டும் தானா கழண்டுறக்கூடாதுன்னு அதுக்கு மேல ஒரு லாக். கதவ புடிக்கிறது ஒண்ணு, புடிச்சத விடாம புடிக்கிறது இன்னொண்ணு, ரெண்டும் வேற வேறன்னு ரூல்லயே பிரிச்சு வச்சிருக்காங்க. இண்டிகேட்டரும் ஃபெயில் ஆச்சுன்னா ஆபத்துன்னு காட்டற மாதிரிதான் இருக்கணும், ஒயர் அறுந்தா பச்ச எரியக்கூடாது. எங்க சுவிட்ச் ஒயர் அறுந்து போகல, பிராக்கெட் வளைஞ்சுச்சு. ரூல் எழுதினவங்க எல்லா கூத்தையும் யோசிச்சிருக்க முடியாதுல்ல.

திரும்ப அந்த ரூமுக்கு. நாங்க பிரிட்ஜுக்கு சொன்ன அஞ்சாவது நிமிஷம் கேப்டனே பிரிட்ஜுக்கு வந்துட்டார். மொதல்ல அவர் பண்ணது வேகத்த கொறச்சது. பதினெட்டுல இருந்து ஒம்போது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா தண்ணி மோதுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், பாதியாக்கினா கால்வாசி ஆயிடும். ஹெரால்ட் கதையிலயும் இதே கணக்குதான். அதே மாதிரி இன்னொரு கப்பல், அதே கம்பெனி, 1983ல கதவ தொறந்து வச்சுக்கிட்டே கடல தாண்டி போயிருக்கு, ஒண்ணும் ஆகல. ஹெரால்டுல வேகம் ஏற ஏற முன்பக்க அலை உசந்துச்சு, மூக்கும் தாழ்ந்திருந்துச்சு, தண்ணி கதவு விளிம்ப தாண்டிருச்சு. ஒரு தடவ தப்பிச்சத வச்சு இது தாங்கும்னு நெனச்சிருவாங்க, கப்பல்ல மட்டும் இல்ல எங்க பாத்தாலும்.

வேகம் கொறைஞ்சப்புறம்தான் திருப்பினார், அதுவும் மெதுவா, வலது பக்கமா. ஏன் வலது பக்கமான்னா, பெரிய கப்பல் வேகத்துல திரும்பும்போது திரும்புற பக்கத்துக்கு எதிர் பக்கமா சாயும். எங்க ஓட்டை வலது பக்கம். அவசரப்பட்டு பதினெட்டு நாட்ல இடது பக்கம் ஒடிச்சிருந்தா அந்தக் கதவ நாங்களே தண்ணிக்குள்ள முக்கியிருப்போம். மெதுவா திருப்பி, காத்தும் அலையும் இடது பக்கம் வர்ற மாதிரி வச்சு, ஓட்டைப் பக்கத்த கப்பலோட மறைவுல கொண்டுவந்தார். கதவுக்குள்ள நின்னுட்டிருந்த எங்களுக்கு அது எப்படி தெரிஞ்சுதுன்னா, சத்தம் நின்னுருச்சு. அவ்ளோ நேரம் அலை அடிக்கிற சத்தம் வயித்துக்குள்ள கேட்டுட்டிருந்துச்சு, திடீர்னு சொட்டு சொட்டா விழுற சத்தம் மட்டும்.

அப்புறம் வேலை. கைல இறுக்குற டர்ன்பக்கிள் நாலு, எமர்ஜென்சிக்குன்னு செவுத்துலயே மாட்டி வச்சிருப்பாங்க, அதுல ஒண்ணு துருப்புடிச்சு திரும்பல, அத நெனச்சா இன்னும் கோவம் வருது. மீதி மூணையும் போட்டு, செயின் பிளாக் ஒண்ணு போட்டு கதவ உள்ள இழுத்து புடிச்சு, மூலைல இரும்பு பீம் வச்சு மர ஆப்பு அடிச்சோம். காத்துல ஓடற டயஃப்ரம் பம்ப் ஒண்ணு, கப்பல்ல எல்லாரும் வில்டன்னு சொல்றது, அத கொண்டுவந்து தண்ணிய எடுத்தோம். போசன் ட்ரெயின்ல இருந்து அந்த துணிய உருவி எடுத்து, ஒண்ணும் பேசாம, என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி காட்டினார். அது என் டிபார்ட்மென்ட் துணிதான்.

இப்போ ஃப்ரெண்டு கேட்ட கேள்விக்கு வரேன், கதவு முழுசா போயிருந்தா? கொஞ்சம் கணக்கு போட்டா புரியும். தண்ணி மட்டத்துக்கு ரெண்டு மீட்டர் கீழ ஒரு சதுர மீட்டர் ஓட்டை போட்டா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட இருநூறு டன்னுக்கு மேல உள்ள வரும். ஒரு நல்ல பில்ஜ் பம்ப் மணிக்கு இருநூறு டன் வெளிய தள்ளும். அதாவது ஒரு நிமிஷத்துல வந்தத எடுக்க பம்ப்புக்கு ஒரு மணி நேரம் வேணும். பம்ப் போட்டு கப்பல காப்பாத்தறதெல்லாம் சின்ன ஓட்டைக்குத்தான் சரிப்படும், பெரிய ஓட்டைக்கு பம்ப்ப நம்பி யாரும் கப்பல் கட்டல. டைட்டானிக்ல மொத்த ஓட்டையோட பரப்பு சுமார் 12 சதுர அடிதான் இருக்கும்னு அந்த கப்பல் கட்டின கம்பெனி என்ஜினியரே விசாரணைல கணக்கு சொன்னார். ஒரு வீட்டு வாசக்கதவுல பாதி சைஸ் வரும். பிரச்சன ஓட்டையோட சைஸ் இல்ல, அது பல அறைகளுக்கு பரவி இருந்ததும், நடு செவுருங்க போதுமான உயரம் போகாததும், ஒண்ணு ரொம்பி வழிஞ்சு அடுத்ததுக்கு போனதும்தான்.

அதனாலதான் கதவு பிச்சுக்கிட்டு போனாலும் க்ரூஸ் கப்பல் ஹெரால்டு மாதிரி நிமிஷத்துல கவுந்துராது. கார் ஃபெர்ரில வண்டி ஏத்தணும்ங்கறதுக்காக இந்த முனைல இருந்து அந்த முனைக்கு தடுப்பே இல்லாம ஒரே ஹால். அதுல முழங்கால் அளவு தண்ணி போதும். தட்டு நெறைய தண்ணி ஊத்தி தூக்கிட்டு நடந்து பாருங்க, கொஞ்சம் சாஞ்சா எல்லா தண்ணியும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். ஃப்ரீ சர்ஃபேஸ்னு சொல்வாங்க. அகலம் கூடக் கூட இது மூணாம் அடுக்குல ஏறும், அகலத்த சரி பாதியா பிரிச்சு நடுவுல ஒரு தடுப்பு வச்சா மொத்த பாதிப்பு கால்வாசியா கொறஞ்சிரும். எங்க பைலட் டோர் ரூம் முழுசா ரொம்பியிருந்தாலும் கப்பல் ஒரு பக்கம் லேசா சாஞ்சிருக்கும், பாசஞ்சர்ல பாதிப் பேருக்கு தெரிஞ்சிருக்காது. உள்கதவு மூடியிருந்தா.

அந்த 'மூடியிருந்தா'தான் எனக்கு தூக்கத்த கெடுக்கறது. ஏன்னா அந்த உள்கதவுக்கு வெளிய என்ன இருக்குன்னா, ஐ-95. பல கப்பல்கள்ல க்ரூ நடக்கற அந்த நீள காரிடாருக்கு அந்த பேருதான், முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் போகும், டிராலி போகும், மூட்டை போகும், ஷிஃப்ட் மாறும்போது திருவிழா கூட்டம். தண்ணி அங்க வந்துட்டா ஒவ்வொரு மாடிப்படி வழியாவும் கீழ எறங்கும், கீழ எத்தன வாட்டர்டைட் டோர் மூடியிருந்தாலும் மேல இருந்து ஊத்துனா என்ன பண்றது. பகல்ல அந்த உள்கதவ எத்தன தடவ தொறந்து வச்சிருக்கறத நானே பாத்திருக்கேன். சாமான் எடுக்கணும், பெயின்ட் அடிக்கணும், ரெண்டு நிமிஷம்தான்னு ஒரு கயிறு கட்டி வச்சிட்டு போயிருவாங்க.

கீழ இருக்கற நகர்ற வாட்டர்டைட் டோர்களுக்கு இன்னும் கண்டிப்பான ரூல். கடல்ல போகும்போது மூடியே இருக்கணும், சிலதுக்கு மட்டும் ஆள் போய்வர்ற நேரத்துக்கு அனுமதி. பிரிட்ஜுல இருந்து ஒரே சுவிட்சுல எல்லாத்தையும் அறுவது செகண்டுக்குள்ள மூடணும், நகர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சுல இருந்து பத்து செகண்டு மணி அடிக்கும், கப்பல் பதினஞ்சு டிகிரி சாஞ்சிருந்தாலும் வேலை செய்யணும், கரண்ட் போனாலும் கையால பம்ப் அடிச்சு மூட வழி இருக்கணும். இந்த கதவு லிஃப்ட் கதவு மாதிரி ஆள் நின்னா நிக்காது. நான் சேர்ந்த மொத வாரம் டிரெயினிங்ல ஒரு தொடப்பக்கட்டைய குறுக்க வச்சு மூடி காட்டினாங்க. படக்னு கூட சத்தம் வரல, மாவு மாதிரி நொறுங்குற சத்தம். அதே மாதிரி மாட்டிக்கிட்டு கை போனவங்க, உயிர் போனவங்க நெஜமாவே உண்டு. அதனால சிலர் பயந்துக்கிட்டு முழுசா தொறந்து வச்சிட்டே போயிருவாங்க, சிலர் அவசரத்துல பாதி தொறந்ததும் நுழைவாங்க. ரெண்டுமே தப்பு, ரெண்டையுமே நான் ஒரு காலத்துல பண்ணியிருக்கேன்.

செவுரு இருக்கு, கதவு மூடியிருக்கு, அப்பவும் தண்ணி வழி கண்டுபுடிக்கும்ங்கறதுக்கு ஓஷியானோஸ்தான் எனக்கு பெரிய உதாரணம். 1991 ஆகஸ்ட், தென்னாப்பிரிக்கா கரையோரம், மோசமான கடல், க்ரூஸ் கப்பல். என்ஜின் ரூம் பக்கம் ஹல்லுல தண்ணி புகுந்துச்சு. ஜெனரேட்டர் ரூமுக்கும் பக்கத்துல இருந்த கழிவு டேங்குக்கும் நடுவுல இருந்த வாட்டர்டைட் செவுத்துல பைப்புக்காக போட்ட ஒரு ஓட்டை ஒழுங்கா அடைக்கப்படாம இருந்துச்சு. அது வழியா டேங்குக்கு போன தண்ணி, திரும்பி வராம தடுக்கற வால்வு இல்லாததால, பைப்லயே ஏறி மேல இருக்கற டாய்லெட், ஷவர் வழியா கொப்புளிச்சுது. யோசிச்சு பாருங்க, வாட்டர்டைட் டோர் எல்லாம் மூடி வச்சிருக்கீங்க, தண்ணி பாத்ரூம்ல இருந்து வருது. கப்பல் முங்கிருச்சு, ஆனா 571 பேரும் பொழச்சாங்க, அதுல பெரிய பங்கு கப்பல்ல பாட்டு பாட, மேஜிக் காட்ட வந்த கலைஞர்களுக்கு. கேப்டன் பாசஞ்சர் எல்லாரும் எறங்கறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாரு, அவங்கதான் பிரிட்ஜுக்கு போய் ரேடியோல உதவி கேட்டு ஹெலிகாப்டருக்கு ஆள் அனுப்பி வச்சாங்க.

கோஸ்டா கான்கார்டியா எல்லாருக்கும் தெரியும், 2012 ஜனவரி 13, பாறைல உரசி 53 மீட்டர் கிழிசல், பக்கத்து பக்கத்துல அஞ்சு அறை. ரெண்டு அறை ரொம்பினா தாங்கற மாதிரி கட்டின கப்பல் அஞ்சுக்கு என்ன பண்ணும். அங்க கதவு ஃபெயில் ஆகல. அத ஏன் சொல்றேன்னா, ஒரு பைலட் டோர் போறதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், வாட்ஸாப் வீடியோ பாக்கறவங்க எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுர்றாங்க.

எங்க கப்பல் மறுநாள் மூணு மணி நேரம் லேட்டா போய் சேர்ந்துச்சு. வானிலை காரணமா வேகம் கொறச்சோம்னு அறிவிப்பு போட்டாங்க, பொய்ன்னும் சொல்ல முடியாது. பாசஞ்சர் ரெண்டு பேர் ரிசப்ஷன்ல டூர் கேன்சல் ஆனதுக்கு சண்ட போட்டாங்களாம். அன்னிக்கு மத்தியானம், கப்பல சோதிச்சு சான்று தர்ற கிளாஸ் சர்வேயர் வந்தார். வயசானவர், கைல ஒரு சாக்பீஸ். கதவ தொறந்து, சட்டத்தோட விளிம்பு பூரா வெள்ளையா ஒரு கோடு போட்டு, மூடச் சொல்லி, திரும்ப தொறக்கச் சொல்லி, கதவு ரப்பர்ல அந்த வெள்ளை கோடு பதிஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டே போனார். மேல பதிஞ்சிருக்கு, பக்கத்துல பதிஞ்சிருக்கு, கீழ் மூலைல ஒரு உள்ளங்கை நீளத்துக்கு ஒண்ணுமே இல்ல. ரப்பர விரல்ல அமுக்கினார், அமுங்கல. யாரோ கதவுக்கு பெயின்ட் அடிக்கும்போது ரப்பர் மேலயும் சேத்து அடிச்சிருக்காங்க, ஒரு தடவ இல்ல, நாலஞ்சு கோட்டிங், நகத்தால சுரண்டினா பாளம் பாளமா வருது. ரப்பர் கல்லா போனதால அந்த மூலைல கிளீட் மட்டும் எல்லா அடியையும் வாங்கியிருக்கு, அதான் பின் போச்சு. புது ரப்பர் போட்டு, பின் மாத்தி, வெளிய இருந்து ஹோஸ்ல ரெண்டு பார் அழுத்தத்துல தண்ணி அடிச்சு பாத்து, அப்புறம்தான் கெளம்ப விட்டார். சுவிட்ச் பிராக்கெட்டுக்கு நான் தடிமனான பிளேட்ல புதுசா ஒண்ணு பண்ணி வெல்ட் வச்சேன்.

இத்தனையும் அவனுக்கு போன்ல சொன்னேன், பாதில கொட்டாவி விட்டான். முங்காதுடா, போய்ட்டு வா, ஏறின அன்னிக்கு மஸ்டர் டிரில், அதான் ஆபத்துன்னா எங்க கூடணும்னு ஒத்திகை, வைப்பாங்க, போன நோண்டாம நில்லு, ஏழு சின்ன சத்தம் ஒரு பெரிய சத்தம்னா நேரா மஸ்டர் ஸ்டேஷனுக்கு போ, பைய தேடாத, லிஃப்ட்ல ஏறாதன்னேன். சரி சரின்னவன் கடைசில, "அந்த கதவெல்லாம் வெளிய இருந்து பாத்தா தெரியுமாடா?"ன்னான். தெரியும், ஏறுறதுக்கு முன்னாடி கரைல நின்னு பாரு, தண்ணிக்கு கொஞ்சம் மேல சதுரம் சதுரமா கோடு தெரியும், அதான்னேன்.

அவன் ஏறப்போற கப்பல் இப்பவே துறைமுகத்துல வந்து நிக்குதாம், நேத்து சும்மா பாக்க போயிருக்கான், ஒரு போட்டோ அனுப்பிச்சான். வெள்ளைக் கப்பல், அழகா இருக்கு. பைலட் டோர் கீழ் மூலைல இருந்து ஒரு துருக் கோடு வழிஞ்சிருக்கு. "இது என்னடா?"ன்னு கேட்டிருந்தான். உள்ள நிக்கற மழைத்தண்ணி வடியுற கோடு, எல்லா கப்பல்லயும் இருக்கும், ஒண்ணும் இல்லன்னு பதில் போட்டேன். உண்மையும் அதுதான். போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு அந்த போட்டோவ மறுபடி எடுத்து, மூலைய மட்டும் ஜூம் பண்ணி பாத்துட்டிருந்தேன்.